கடிக்காத ஜாதி எது?

குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு என்ன நாய் வாங்கலாம் என்று யாரைக் கேட்டாலும் நம் ஊரில் ஒரே பதில்தான் வரும்: "லேப் வாங்குங்க". பதில் தப்பில்லை, ஆனால் பாதிப் பதில். போன மாதம் என் தம்பி மனைவி போன் செய்து, "அண்ணி, கடிக்காத ஜாதியா ஒண்ணு சொல்லுங்க, பாப்பா நாய் வேணும் நாய் வேணும்னு உயிரை எடுக்கறா" என்றாள். அவளிடம் நீளமாகச் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் ஆபீஸிலும் இதே கேள்வியை ரெண்டு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அவர்கள் வீட்டு நிலவரம் இது. வேளச்சேரியில் ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட், மூன்றாவது மாடி. பெண்ணுக்கு ஐந்து வயது, பையன் இப்போதுதான் தத்தித் தத்தி நடக்கிறான். தம்பியும் அவளும் காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார்கள். பகல் முழுக்கக் குழந்தைகளோடு இருப்பது எங்கள் அம்மா, அம்மாவுக்கோ மூட்டுவலி. அதனால் எந்த ஜாதி என்று பேச ஆரம்பிக்கும் முன் நான் கேட்டது, "குட்டி வந்தா பகல்ல யாரு பாத்துக்கப் போறா?" என்பதைத்தான். "அத்தை இருக்காங்களே" என்றாள். அதுதான் எனக்குப் பிரச்சனையாகப் பட்டது.

ரெண்டு மாதக் குட்டி என்றால் என்னவென்று வாங்குவதற்கு முன் பலருக்கும் தெரிவதில்லை. தூங்கி எழுந்ததும் மூத்திரம், சாப்பிட்டதும் மூத்திரம், விளையாடி முடித்ததும் மூத்திரம், ஒவ்வொரு தடவையும் யாராவது தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், இல்லையென்றால் துணி போட்டுத் துடைக்க வேண்டும். துடைத்த ஈரத்தில் வயதானவர்கள் வழுக்கி விழுந்தால் அது தனிக் கதை. பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கும் நாலாவது, ஐந்தாவது மாதத்தில் எதைப் பார்த்தாலும் வாய் வைக்கும், தவழ்கிற, தத்தி நடக்கிற குழந்தையின் கையும் காலும் சரியாக அதன் வாய்க்கு நேராக இருக்கும். குட்டியின் பல் ஊசி மாதிரி. அது விளையாட்டுக் கடிதான், கோபம் கிடையாது, ஆனால் குழந்தைக்கு அது தெரியாது, அலறும், கையை வெடுக்கென்று இழுக்கும், கீறிக்கொள்ளும். ஆக எவ்வளவு சாதுவான ஜாதியாக இருந்தாலும் முதல் ஆறேழு மாதம் கடிக்கத்தான் செய்யும். தம்பி வீட்டில் அந்த மாதங்களை அம்மாதான் தாண்ட வேண்டியிருக்கும்.

சரி, ஜாதிக்கு வருவோம்.

லேப்ரடார் உண்மையிலேயே குழந்தைகளோடு நன்றாகப் பழகும். நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமெரிக்கக் கென்னல் கிளப்பின் பிரபல நாய்கள் பட்டியலில் 1991 முதல் 2021 வரை தொடர்ந்து முதலிடத்தில் இருந்த இனம் அதுதான், சும்மா ஒன்றும் அப்படி இருந்திருக்காது. ஆனால் ஆண் லேப் வளர்ந்தால் 29 முதல் 36 கிலோ. எட்டு மாதத்திலிருந்து ரெண்டு வயது வரை அது உடம்பில் மாடு, மூளையில் குட்டி. அன்பு ஜாஸ்தியாகி ஓடி வந்து மேலே விழுந்தாலே சின்னப் பையன் மல்லாக்க விழுவான். அதன் வால் ஒன்றரை வயதுக் குழந்தையின் முகத்துக்கு நேரே ஆடும், பட்டால் சுளீரென்று இருக்கும். தினம் காலையும் மாலையும் நன்றாக நடத்திக் கூட்டிப்போகாவிட்டால் அந்தத் தெம்பு எல்லாம் சோபாவிலும் செருப்பிலும் போய் இறங்கும்.

அப்புறம் அதன் வயிறு. லேப் பசி என்று சொல்வது வேடிக்கைக்கு இல்லை. 2016-ல் கேம்ப்ரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது: ஏறக்குறைய நாலில் ஒரு லேப்புக்குப் போம்சி என்கிற மரபணுவில் ஒரு துண்டு குறைகிறது, அந்த நாய்களுக்குச் சாப்பாட்டின் மீது ஆசை கூடுதல், எடையும் கூடுதல். இப்போது உங்கள் வீட்டு டைனிங் டேபிளை நினைத்துப் பாருங்கள். ஒரு வயதுக் குழந்தை இட்லியில் பாதியைக் கீழே போடும், பாட்டி "பாவம், வாயைப் பாக்குது" என்று ஒரு தோசை போடுவார், பெண் தனக்குப் பிடிக்காத காய்கறியை மேஜைக்கு அடியில் நீட்டுவாள். லேப் குண்டாகும், இடுப்பு மூட்டு போகும். அமெரிக்காவில் 48 லேப் நாய்களைக் குட்டியிலிருந்து சாகும்வரை வைத்துப் பார்த்தார்கள், பாதி நாய்களுக்கு, அவற்றோடு ஜோடி சேர்த்து ஒப்பிட்ட நாயைவிட 25 சதவீதம் குறைவான சாப்பாடு. 2002-ல் முடிவு வந்தது, குறைவாகச் சாப்பிட்டவை சராசரியாகக் கிட்டத்தட்ட ரெண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. இதை எங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் சொன்னால் "நாயைப் பட்டினி போடறியா" என்பார்கள்.

கோல்டன் ரிட்ரீவரின் குணம் லேப்பைவிட ஒரு படி மென்மை என்றே சொல்வேன். ஆனால் அது 1860களில் ஸ்காட்லாந்தில் ட்வீட்மவுத் பிரபு உருவாக்க ஆரம்பித்த நாய், குளிர்ந்த தண்ணீரில் குதித்துச் சுட்ட வாத்தை எடுத்து வர வேண்டியது அதன் வேலை. அந்த ரெட்டை அடுக்கு முடியோடு சென்னை மே மாதத்தில் அது படும் பாட்டைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. ஏசி இல்லாத வீடு என்றால் வேண்டவே வேண்டாம். முடியை தினமும் வாராவிட்டால் புழுக்கத்தில் தோல் புண் வரும், வாரினாலும் சாம்பாரில் முடி வரும். பனி ஊர் நாயான ஹஸ்கியைப் பற்றிப் பேசவே வேண்டாம், நீலக் கண்ணைப் பார்த்து மயங்கி வாங்குகிறவர்கள் அதைக் கூட்டிப்போய் மத்தியானம் ரோட்டில் நடக்க வைப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

பக். 2003-ல் ஹட்ச் செல்போன் கம்பெனி விளம்பரத்தில் ஒரு சின்னப் பையன் பின்னாலேயே ஓடி வந்து இந்தியா முழுக்கப் பிரபலமான நாய். குணத்தில் குறையே சொல்ல முடியாது, குழந்தை காதைப் பிடித்து இழுத்தாலும் பெரும்பாலும் பேசாமல் உட்கார்ந்திருக்கும். ஆனால் மூக்கே இல்லாத அந்த முகத்தால் ஒழுங்காக மூச்சு விட முடியாது. நாய்க்குப் பெரிதாக வியர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைக் குறைக்கும். மூச்சுப் பாதையே நசுங்கிப்போன நாய் அதை எப்படிச் செய்யும்? இன்னொன்று, அதன் கண்குழி ஆழம் குறைவு, கழுத்தை இறுக்கிப் பிடித்தால் கண் வெளியே பிதுங்கி வந்துவிடும் ஆபத்து உண்டு. கட்டிப்பிடிப்பதுதான் அன்பு என்று நினைக்கும் நாலு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் இதைத் தெரிந்துகொண்டு வளர்க்க வேண்டும், கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்போடு மாட்டுகிற ஹார்னஸ் போட வேண்டும்.

பீகிள் எனக்கு ரொம்பப் பிடிக்கும், பத்து கிலோ சுற்றி நிற்கும், கூட்டமாகச் சேர்ந்து முயல் வேட்டையாடப் பழகிய இனம் என்பதால் மனிதர்களோடும் மற்ற நாய்களோடும் சண்டைக்குப் போகாது. உலகெங்கும் ஆய்வகங்களில் மருந்துப் பரிசோதனைக்கு அதிகம் பிடித்து வைப்பது பீகிளைத்தான், என்ன செய்தாலும் திருப்பிக் கடிக்காமல் பொறுத்துக்கொள்ளும் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அதன் நல்ல குணமே அதற்கு எமனானது வேதனை. ஆனால் ஃப்ளாட்டில் பீகிள் ஊளையிட்டால் அசோசியேஷன் வாட்ஸாப் குரூப்பில் உங்கள் பெயர்தான் ஓடும். மூக்கு ஒரு வாசனையைப் பிடித்துவிட்டால் காது கேட்காது, கதவு திறந்திருந்தால் போய்விடும்.

வெள்ளைப் பொமரேனியன் என்று நாம் சொல்லி வளர்த்ததெல்லாம் பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். சின்னதாக இருப்பதால் சாது என்று நினைக்கிறோம். அதுதான் சீக்கிரம் பதறும், சீக்கிரம் வெடுக்கென்று கடிக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சரி, தவழும் குழந்தைக்கு வேண்டாம்.

நம் நாய்களை விட்டுவிட்டால் கமெண்டில் திட்டு விழும், அதனால் சொல்லிவிடுகிறேன். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாமே எனக்குப் பெருமைதான். 2005-ல் ராஜபாளையத்துக்குத் தபால்தலையே வந்தது. 2020-ல் பிரதமர் வானொலியில் இந்த நாய்களின் பெயரைச் சொன்ன பிறகு கேட்கிறவர்களும் கூடிவிட்டார்கள். ஆனால் சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டை நாய்கள், வீட்டுக்குள் பூனை மாதிரி சுருண்டு படுத்திருக்கும், வெளியே விட்டால் காட்டையே சுற்ற இடம் கேட்கும். ராஜபாளையம் காவல் நாய், தன் வீட்டுக் குழந்தையை உயிராகப் பார்க்கும், அந்தக் குழந்தையோடு விளையாட வருகிற பக்கத்து வீட்டுக் குழந்தையை எப்படிப் பார்க்கும் என்பதுதான் கேள்வி. விருதுநகர் பக்கம் தோட்டத்தோடு வீடு இருக்கிறவர்கள் தாராளமாக வளர்க்கலாம். மூன்றாவது மாடியில், பர்த்டே பார்ட்டிக்கு இருபது பிள்ளைகள் வந்து போகிற வீட்டில் நான் வைக்க மாட்டேன்.

ராட்வைலர் வளர்க்கும் நண்பர் ஒருவர் "வளர்ப்புலதான் இருக்கு" என்று என்னிடம் எப்போதும் வாதாடுவார். வளர்ப்பில்தான் பெரும்பகுதி இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வளர்ப்பில் பிசகினால் என்ன நடக்கும் என்பது நாயின் தாடையைப் பொறுத்தது. 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கம் பக்கம் மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை ரெண்டு ராட்வைலர்கள் கடித்துக் குதறியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதே நாயை ஒழுங்காக வளர்த்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், ஆனால் முதன்முதலாக நாய் வளர்க்கப் போகிற, கைக்குழந்தை இருக்கிற வீடு அந்தப் பரீட்சையை எழுத வேண்டிய அவசியமே இல்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, ஜாதி என்பதே நாம் நினைக்கிற அளவுக்குக் குணத்தைத் தீர்மானிப்பதில்லை என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2022-ல் சயின்ஸ் இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் வீட்டுக்காரர்களிடம் கேள்வி கேட்டு, 2,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் படித்துப் பார்த்ததில், ஒரு நாயின் நடத்தைக்கும் இன்னொரு நாயின் நடத்தைக்கும் உள்ள வித்தியாசத்தில் சுமார் 9 சதவீதத்தைத்தான் ஜாதி விளக்குகிறது. சொல்பேச்சு கேட்பது போன்ற சில விஷயங்களில் ஜாதிக்குக் கொஞ்சம் பங்கு இருக்கிறது, ஆனால் எரிச்சல் வந்தால் எவ்வளவு சீக்கிரம் சீறும் என்பதில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. நமக்குத் தெரிய வேண்டியது அந்த ஒன்றுதானே! லேப்பிலும் முசுடு உண்டு, தெருநாயிலும் தங்கம் உண்டு.

அதனால்தான் நான் சொல்வது: சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டுக்குக் குட்டி வேண்டாம், வளர்ந்த நாயை எடுங்கள். மூன்று, நாலு வயது ஆன நாயின் குணம் ஏற்கெனவே தெரிந்துவிட்டது, குட்டியிடம் அது லாட்டரிதான். வெளிநாடு போகிறவர்கள், வீடு மாறுகிறவர்கள், வயதாகி நடத்த முடியாதவர்கள் என்று நல்ல நாய்களைக் கொடுக்கக் காத்திருப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மீட்பு இல்லங்களிலும் கேட்கலாம். "வளந்த நாய் நம்மகிட்ட ஒட்டாது" என்று அம்மா உட்பட எல்லோரும் சொல்வார்கள். ஒட்டும். சோறு வைத்து, நடத்திக் கூட்டிப்போய், அடிக்காமல் இருந்தால் சில வாரங்களில் ஒட்டிவிடும்.

எங்கள் ஜூலி அப்படி வந்தவள்தான். பாதி லேப், மீதி எந்தத் தெரு என்று தெரியாது. அவளைக் கொடுத்த குடும்பத்துக்கு ரெண்டு பிள்ளைகள் இருந்தார்கள், அதுதான் எனக்கு முதல் நம்பிக்கை. போய்ப் பார்த்தபோது நானே சில விஷயங்களைச் செய்து பார்த்தேன். கொஞ்சம் தள்ளி நின்று ஒரு எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டேன். துள்ளிக் குதித்தாள், அடுத்த நிமிடமே வந்து தட்டை மோந்து பார்த்தாள். பயப்படாத நாய் கிடையாது, பயந்த பிறகு எவ்வளவு சீக்கிரம் சாதாரணமாகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். கட்டிலுக்கு அடியில் போய் அரை மணி நேரம் நடுங்குகிற நாய் குழந்தைகள் வீட்டுக்கு ஆகாது. பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன், காதைத் தடவினேன், வாலை லேசாகப் பிடித்தேன், திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் அந்த வீட்டு ஆளை நடந்து போகச் சொன்னேன். உடம்பு விறைக்கவில்லை, அவசர அவசரமாக விழுங்கவும் இல்லை. என் பெண் அந்த ஹாலில் குறுக்கும் நெடுக்கும் ஓடினாள், ஜூலி துரத்தாமல் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். அதற்கப்புறமும் ரெண்டு வார இறுதி போய்ப் பழகிவிட்டுத்தான் கூட்டி வந்தோம்.

இல்லை, குட்டிதான் வேண்டும் என்கிறீர்களா? அப்படியென்றால் குட்டியைப் பார்க்காதீர்கள், தாயைப் பாருங்கள். எந்தக் குட்டியும் அழகுதான். தாய் பக்கத்தில் போனால் வாலாட்டுகிறதா, ஒதுங்குகிறதா, உறுமுகிறதா என்று பார்த்தால் பாதி தெரிந்துவிடும். "தாய் இங்க இல்ல சார், ஊர்ல இருக்கு" என்று சொல்கிற ஆளிடம் வாங்காதீர்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ல் வந்த மத்திய அரசின் விதியே இருக்கிறது, முப்பது நாள் குட்டியைக் கையில் கொடுக்கிறவர் அதை மீறுகிறார் என்று அர்த்தம். சீக்கிரமே தாயைப் பிரிந்த குட்டிக்கு எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று கூடப்பிறந்தவை சொல்லித்தர வாய்ப்பிருக்காது. மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினாலு வாரம் வரை அது என்னென்ன பார்க்கிறதோ, கேட்கிறதோ, அதெல்லாம் அதற்குச் சாதாரணமாகிவிடும்: மிக்ஸி, குக்கர் விசில், குழந்தை அழுகை, லிஃப்ட். இருட்டு ஷெட்டில் வளர்ந்த குட்டிக்கு இதெல்லாம் பயம், பயம்தான் பிற்பாடு கடியாக வருகிறது. கே.சி.ஐ. (இந்தியக் கென்னல் கிளப்) பேப்பர் இருப்பது பரம்பரைக்குத்தான் சான்று, குணத்துக்கு இல்லை.

குழந்தைகளுக்குச் சொல்லித்தர வேண்டியது தனி. சாப்பிடும் நாய், தூங்கும் நாய், ரெண்டையும் தொடக் கூடாது, இதில் விதிவிலக்கே கிடையாது. சின்னக் குழந்தைகளை வீட்டு நாயோ தெரிந்த நாயோ கடிப்பதும் உண்டு, அதுவும் முகத்தில்தான் அதிகம் படும், ஏனென்றால் இரண்டும் ஒரே உயரம். நாய் திடீரென்று கடித்தது என்று சொல்வோம், அது அதற்கு முன்பே பலமுறை சொல்லியிருக்கும். ஜூலியைப் பார்த்துத்தான் நான் இதைக் கற்றுக்கொண்டேன். அவள் டைனிங் டேபிளுக்கு அடியில் படுத்திருப்பாள், தம்பி பையன் வந்திருந்தபோது தவழ்ந்துகொண்டே அவள் பக்கம் போனான். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் விடவில்லை. நாக்கால் தன் மூக்கை ஒருமுறை நக்கினாள், அங்கே சாப்பாடு எதுவும் இல்லை. அப்புறம் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரமாக உருட்டி அவனைப் பார்த்தாள், கண்ணின் வெள்ளை பிறை மாதிரி தெரிந்தது. நான் அவனைத் தூக்கிவிட்டேன், அவள் எழுந்து வாஷிங் மெஷின் இருக்கும் பின் பால்கனிக்குப் போய்விட்டாள். அங்கே அவள் பாய் இருக்கிறது, அந்தப் பாய்க்குக் குழந்தைகள் யாரும் போகக் கூடாது. அப்படி ஒரு இடம் உங்கள் வீட்டில் இல்லையென்றால் முதலில் அதை ஏற்பாடு செய்யுங்கள். உறுமினால் அதட்டாதீர்கள், உறுமுவது அது கொடுக்கும் எச்சரிக்கை. அதட்டி அதை நிறுத்திவிட்டால் அடுத்த தடவை எச்சரிக்கை இல்லாமலே கடிக்கும். ஜூலியை நான் எவ்வளவோ நம்புகிறேன், ஆனாலும் தவழும் குழந்தையோடு தனியாக விட்டுவிட்டு அடுப்படிக்குப் போக மாட்டேன்.

சமையலறையில் ரெண்டு மூன்று விஷயம் எல்லோர் காதிலும் போட்டு வையுங்கள். வெங்காயம் நாய்க்கு ஆகாது, அதனால் சாம்பார் சாதம் மிஞ்சினால் நாய்க்கு என்பது வேண்டாம். திராட்சையும் உலர் திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும், பாயசமும் லட்டும் கொடுக்கக் கூடாது. குழந்தை கையில் இருக்கும் சாக்லேட்டும் அப்படித்தான்.

நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் பல் பட்டு ரத்தம் வந்தால், நகம் கீறித் தோல் கிழிந்தால், மஞ்சள் வைப்பது, மிளகாய்த்தூள் தடவுவது, சுண்ணாம்பு வைப்பது எதுவும் வேண்டாம். குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசு மருத்துவமனைகளில் ரேபிஸ் தடுப்பூசி இலவசம். கன்னத்திலோ கையிலோ ஆழமாகப் பட்டிருந்தால் தடுப்பூசியோடு, காயத்தில் போடும் எதிர்ப்பு மருந்தான இம்யூனோகுளோபுலினும் வேண்டுமா என்று டாக்டரிடம் நீங்களே கேட்டுவிடுங்கள்.

தம்பி மனைவிக்கு நான் கடைசியில் சொன்னது, கருத்தடை ஆபரேஷன் ஆன, மூன்று வயதைத் தாண்டிய பெண் நாய், லேப் ஆனாலும் சரி நாட்டு நாய் ஆனாலும் சரி, அம்மா ஒரு கையால் கயிற்றைப் பிடித்தால் இழுக்காத நாய். அப்படி ஒன்று கிடைக்கவில்லை என்றால் பையனுக்கு நாலு வயது ஆகும்வரை பொறுங்கள் என்றேன். அவளுக்கு இந்த ரெண்டாவது யோசனை பிடிக்கவில்லை, பாப்பாவுக்கு இன்னும் பிடிக்காது.

ஃப்ளாட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று: நாய் வளர்க்கக் கூடாது என்று அசோசியேஷன் தீர்மானம் போட்டுத் தடுக்க முடியாது, விலங்குகள் நல வாரியம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஆனால் லிஃப்டிலும் மாடிப்படியிலும் கயிறு போட்டுக் கூட்டிப்போவதும், கக்கா போனால் அள்ளுவதும் நம் பொறுப்பு. சென்னை மாநகராட்சியில் லைசென்ஸ் கட்டாயம், ரேபிஸ் ஊசி போட்ட சான்றிதழ் இல்லாமல் அது கிடைக்காது. வளர்ந்த நாயை யாரிடமாவது வாங்கினால் நாயோடு அந்த ஊசி அட்டையையும் கேட்டு வாங்குங்கள், கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் சோற்றுத் தட்டையும் சங்கிலியையும் கொடுத்துவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள்.